கேளுங்க, சொல்றேன்: பழைய கதை, புது கேம்

சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதறேன். போன மாசம் இந்தப் பக்கத்துல ரீமேக் படங்களப் பத்தி நாலு வரிதான் எழுதுனேன், அதுக்கு வந்த கேள்விங்களப் பாத்துட்டு எனக்கு அவ்ளோ சந்தோஷம், நம்ம தோட்டத்துப் பக்கம் இத்தன பேரு கேம் ஆடறாங்க, இத்தன பேரு பழைய விஞ்ஞானப் படம் தேடிப் பாக்கறாங்கன்னு இப்பதான் தெரியுது. நான் போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிறவன், வர்ற பசங்க போனோட பழைய கேம் பெட்டியும் தூக்கிட்டு வருவாங்க, அதனால பேச்சு எப்பவும் இதுதான். இந்த மாசம் பூரா ரீமேக் கேள்விங்களயே எடுத்துக்கறேன். மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் கண்டிப்பா.

கேள்வி (பாகான் செராய் வாசகர்): அண்ணே, நல்லா இருந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்த ஏன் திரும்பத் திரும்ப எடுத்துக் கெடுக்கறாங்க? புதுக் கதைக்கா பஞ்சம்? ரீமேக்னு கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருதுலா.

பதில்: தம்பி, உங்க ஆத்திரம் புரியுது, ஆனா எனக்கு ரொம்பப் புடிச்ச விஞ்ஞானப் படமே ஒரு ரீமேக்தான். ஜான் கார்ப்பெண்டர் 1982ல எடுத்த 'தி திங்'. 1951லயே அந்தக் கதைய ஒரு தடவ படமா எடுத்துட்டாங்க, ரெண்டுக்கும் மூலம் 1938ல வந்த ஒரு குறுநாவல். மூலக் கதையில வேத்துக்கிரகத்து ஜந்து எந்த உசுரு மாதிரி வேணும்னாலும் உருவம் மாறும், மனுசன் மாதிரியே பக்கத்துல ஒக்காந்து பேசும். 1951ல எடுத்தவங்களுக்கு அத காட்ட வசதி இல்ல போல, உயரமான ஒரு ஆளுக்கு வேசம் போட்டு விட்டுட்டாங்க, அதுவும் நல்ல படம்தான், ஆனா கதையோட நடு நரம்பு அதுல இல்ல. கார்ப்பெண்டர் நேரா மூலக் கதைக்கே போனாரு. அண்டார்டிகாவுல ஒரு முகாம், 12 ஆம்பளைங்க, வெளிய பனிப்புயல், உள்ள யாரோ ஒருத்தன் மனுசன் இல்ல, ஆனா யாருன்னு யாருக்கும் தெரியாது. அந்த ரத்தச் சோதனை காட்சி இருக்கே, ஒவ்வொருத்தன் ரத்தத்தயும் சின்ன தட்டுல எடுத்து சூடான கம்பிய உள்ள விட்டுப் பாப்பாங்க, மனுசன் ரத்தம்னா சும்மா சொய்னு சத்தம் வரும், அவ்ளோதான், நான் எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, இன்னிக்கும் அந்தக் கம்பி தட்டுகிட்ட போறப்ப எனக்கு கை இறுகிப் போவும்.

படம் வந்தப்ப ஓடல, அதான் கொடுமை. 1982 ஜூன் மாசம், ரெண்டு வாரம் முன்னாடிதான் 'ஈ.டி.' வந்து ஊரே அழுதுகிட்டு இருந்துச்சு, அன்பான வேத்துக்கிரகவாசிய பாத்த ஜனங்களுக்கு இந்த பயங்கரம் வேண்டாம்னு ஆயிடுச்சு, அதுவும் இது வெளியான அதே நாள்ல 'பிளேடு ரன்னர்' வேற. பின்னாடி வீடியோ கேசட்ல பாத்துப் பாத்துதான் ஜனங்க இத தலையில தூக்கி வச்சாங்க.

இப்ப நீங்க சொல்ற 'கெடுக்கறது' எங்க நடந்துச்சுன்னா 2011ல. அதே பேர்ல முன்கதையா ஒண்ணு எடுத்தாங்க. ஜந்துவ எல்லாம் கையாலயே பொம்மையா செஞ்சாங்க, ரப்பரும் கம்பியும் வச்சு, நல்லா செஞ்சிருந்தாங்க, அப்புறம் அதுல முக்காவாசிய கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் போட்டு மூடிட்டாங்க. செஞ்சவங்க பின்னாடி அந்தப் பொம்மைங்களோட வீடியோவ வெளிய விட்டாங்க, அதப் பாத்தப்பதான் எனக்கு நெசமாவே வயிறு எரிஞ்சுச்சு. ஆக ரீமேக்னு மொத்தமா திட்டாதீங்க. பழைய படத்துக்கு எட்டாம விட்டுப்போனது எது, அத இவன் எட்டிப் புடிச்சானான்னு பாருங்க. 1982 படம் புடிச்சுது, 2011 படம் கையில இருந்ததயே மூடி மறைச்சுது.

இன்னொரு விசயம், 2002ல இதே பேர்ல ஒரு கேம் வந்துச்சு, கூட வர்ற ஆளுங்க உங்கள நம்பணும், நம்பலைன்னா துப்பாக்கிய உங்க பக்கமே திருப்புவானுங்க. 2024ல அத தூசி தட்டி புதுசா விட்டிருக்காங்க. கெடைச்சா ஆடிப் பாருங்க.

கேள்வி (படிவம் 4 மாணவர், சிலிம் ரிவர்): அண்ணா, 'ரெசிடெண்ட் ஈவில் 2' ரீமேக் நான் ஆடி முடிச்சிட்டேன். எங்கப்பா 1998ல வந்த பழசுதான் பயமா இருந்துச்சு, உன்னோடது சும்மா சுடற கேம்னு சொல்றாரு. யாரு சொல்றது சரி?

பதில்: தம்பி, அப்பா சொல்றதயும் தள்ளிட முடியாது. பழைய கேம்ல கேமரா நகராது, சுவத்து மூலையில ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், பின்னால தெரியற அறை எல்லாம் முன்னாடியே வரைஞ்சு வச்ச படம், அத திருப்ப முடியாது, அதனால நீங்க ஒரு நடையில திரும்புனீங்கன்னா அந்தப் பக்கம் என்ன நிக்குதுன்னு தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் அந்தக் கதவு. ஒவ்வொரு அறைக்கும் போறப்ப திரை இருட்டாவும், நடுவுல ஒரு கதவு மட்டும் தெரியும், அது மெதுவா கிறீச்னு தொறக்கும். பெட்டி சீடியிலேர்ந்து அடுத்த அறைய ஏத்தறதுக்கு நேரம் வேணும், அந்த நேரத்த மறைக்க போட்ட கதவு அது, ஆனா நாங்க அந்த நாலஞ்சு செகண்டு மூச்சுவிடாம ஒக்காந்திருப்போம். எங்க தோட்டத்து லயத்துல, அதான் வரிசை வீட்டுல, ஒரே ஒரு வீட்டுலதான் பிளேஸ்டேஷன், ஜன்னல்ல ஏறி நின்னு பாக்கறவன் கூட கதவு வந்தா வாய மூடிக்குவான். மெஷினோட குறைய பயமா மாத்துன அந்த மூளைக்கு நான் இன்னிக்கும் கையெடுத்துக் கும்புடுவேன்.

ஆனா உங்க பக்கமும் நியாயம் இருக்கு. 2019ல செஞ்சவங்க அந்தக் கதவ அப்படியே கொண்டாந்து ஒட்டியிருந்தா அது வெறும் பழைய போட்டோ. கேமராவ தோளுக்குப் பின்னாடி வச்சுட்டாங்க, அப்ப பழைய பயம் போயிடும் இல்லையா, அதுக்கு பதிலா என்ன குடுத்தாங்க? அந்த தொப்பி போட்ட பெரிய ஆளு. பழசுல ரெண்டாவது கதையில அங்கங்க மட்டும் வருவான். புதுசுல போலீஸ் ஸ்டேஷன் பூரா உங்களத் தேடி அலையறான், மேல் மாடியில டொம் டொம்னு பூட்ஸ் சத்தம், நீங்க கீழ நின்னு அவன் எந்தப் பக்கம் போறான்னு காதால கணக்குப் போடணும். பழசுல கண்ணுக்குத் தெரியாதது பயம், புதுசுல காதுக்குத் தெரிஞ்சது பயம். வழி வேற, வந்து சேந்த எடம் ஒண்ணு. நல்ல ரீமேக் அதான்.

அப்பாகிட்ட கன்ட்ரோலர குடுத்து, ஹெட்போன் மாட்டி விட்டு, அந்த ஸ்டேஷன் நூலகத்துப் பக்கம் ஒரு அஞ்சு நிமிசம் ஆடச் சொல்லுங்க. அப்புறம் சுடற கேம்னு சொல்றாரான்னு பாப்போம்.

கேள்வி (பீடோர் வாசகர்): 'டூன்' புதுசு பாக்கலாமா, பழசே போதுமா?

பதில்: புதுசு. 1984ல அவ்ளோ பெரிய நாவல 137 நிமிசத்துல அடைச்சாங்க, மூச்சு முட்டிப் போச்சு. டெனி வில்நெவ் 2021லயும் 2024லயும் ரெண்டு படமா பிரிச்சு நிதானமா எடுத்திருக்காரு. கூடவே ஒண்ணு சொல்றேன், சைபர் கபேல ஒக்காந்து 'ரெட் அலர்ட்' ஆடுன ஆளா நீங்க? அதே கம்பெனி 1992லயே இந்தக் கதைய வச்சு 'டூன் 2'ன்னு ஒரு கேம் செஞ்சாங்க, தோண்டி எடு, காசாக்கு, கட்டு, படைய அனுப்புங்கற அந்த ஆட்டத்துக்கு வாய்க்கா வெட்டுனது அதான்.

கேள்வி (ஒரு தாய், தாப்பா): தம்பி, என் மகனுக்கு 13 வயசு. 'ஏலியன்: ஐசோலேஷன்'னு ஒரு கேம் ராத்திரி ஹெட்போன் போட்டுகிட்டு ஆடறான், தூக்கத்துல திடுக்குனு எழுந்திரிக்கறான். கேட்டா உலகத்துலயே நல்ல கேம்னு சொல்றான். இதுல என்னதான் இருக்கு? நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: அக்கா, மொதல்ல ரெண்டாவது கேள்விக்கு பதில். நிறுத்தச் சொல்லுங்க. பெட்டி மேலயே 18னு போட்டிருக்கும், அது சும்மா அலங்காரத்துக்குப் போட்டதில்ல. தூக்கம் கெடுதுன்னா இந்த வயசுக்கு இது வேணாம். ஆனா திட்டி புடுங்காதீங்க, ஏன்னா அவன் சொன்னது பொய் இல்ல, அது நெசமாவே அருமையான கேம்.

இதுல என்ன இருக்குன்னு கேட்டீங்களே, அத கொஞ்சம் வெலாவாரியா சொல்லணும், ஏன்னா இது நம்ம கதை. 1979ல வந்த மூலப் படம் 'ஏலியன்' எடுத்துக்குங்க. அதுல வர்ற ஏழு பேரும் வீரருங்க இல்ல, ராஜகுமாரன் இல்ல. 2 கோடி டன் தாதுமண்ண இழுத்துகிட்டுப் போற கப்பல்ல வேல செய்யற கூலிக்காரங்க. படத்துல கீழ் தளத்துல மெஷின் பாக்கற ரெண்டு பேரு முழிச்சு எழுந்து சாப்பாட்டு மேசையில ஒக்காந்த ஒடனே பேசறது என்னா தெரியுமா, போனஸ். எங்களுக்கு மட்டும் ஏன் பங்கு கம்மின்னு கேக்கறாங்க. ஏதோ ஒரு சிக்னல் வருது, போய் பாக்க மாட்டோம்னு சொல்றப்ப, ஒப்பந்தத்துல எழுதியிருக்கு, போகலைன்னா சம்பளப் பங்கு மொத்தமும் போயிடும்னு கம்பெனி ஆளு சொல்றான். அதனாலதான் அக்கா அவங்க அந்தக் கிரகத்துல எறங்கறாங்க. ஜந்துவ கொண்டு வந்தா போதும், ஆளுங்க செத்தாலும் பரவால்லன்னு கம்பெனி முன்னாடியே உத்தரவு போட்டு வச்சிருக்கு. தோட்டத்து மண்டோர்கிட்ட, அதான் கங்காணிகிட்ட, நாள் சம்பளத்துக்கு நின்னவங்க வீட்டுல பொறந்த எனக்கு அந்தப் படத்த யாரும் வெளக்கிச் சொல்ல வேண்டியிருக்கல.

2014ல வந்த இந்த கேம் அந்தப் படத்தோட ரீமேக் இல்ல, 15 வருசம் கழிச்சு நடக்கற கதை, அந்தப் படத்துல வந்த அம்மாவத் தேடி மக போறா. ஆனா எனக்கு இதுதான் அந்தப் படத்துக்கு வந்ததுலயே உண்மையான ரீமேக். ஏன்னா மக போய் சேர்ற அந்த விண்வெளி நிலையம், மூடப்போற நிலையம். அத நடத்தற கம்பெனிக்கு அதுல லாபம் இல்ல, கடைங்க சாத்திக் கெடக்கு, சாமான்ல பாதி மூட்டை கட்டியாச்சு, போக வழியில்லாதவங்க மட்டும் மிச்சம். தோட்டம் வித்துட்டாங்க, லயத்த காலி பண்ணணும்னு நோட்டீஸ் வந்த வீடுங்களப் பாத்தவங்களுக்கு அந்த நடைபாதையில நடக்கறப்ப நெஞ்சு அடைக்கும். எங்க தோட்டத்துல கடைசியா நாலு குடும்பம் இருந்தப்ப, புள்ளைங்கள பாத்துக்கற ஆயக்கொட்டகையில யாரோ விட்டுட்டுப் போன புள்ளைங்க செருப்பு ஒரு ஜோடி வாசப்படியிலயே ரொம்ப நாள் கெடந்துச்சு. அந்த கேம்ல ஒரு அறையில மூட்டை முடிச்சு அப்படியே தொறந்து கெடக்கும், எனக்கு அந்த செருப்புதான் ஞாபகம் வந்துச்சு.

செஞ்சவங்களோட உழைப்பும் சொல்லணும். 1979 ஆளுங்க வருங்காலம் எப்படி இருக்கும்னு நெனச்சாங்களோ அப்படியே இருக்கணும்னு, தொடுதிரை கெடையாது, குண்டு டிவி, தடிச்ச பட்டன். திரையில வர்ற கோடு கோடான படத்துக்கு அத நெசமாவே வீடியோ கேசட்ல பதிஞ்சு பழைய டிவில ஓட்டி கெடுத்து எடுத்திருக்காங்க. ஆடுன வரைக்கும் நெனச்ச எடத்துல சேவ் பண்ணி வைக்க முடியாது, சுவத்துல இருக்கற போன் மாதிரி பெட்டியில அட்டைய சொருகி, மூணு வெளக்கு ஒண்ணொண்ணா எரியற வரைக்கும் நிக்கணும், அதுக்குள்ள பின்னாடி வந்துட்டா போச்சு. அந்த ஜந்து போற வழிய முன்னாடியே எழுதி வைக்கல. அதுக்கு மேல ஒரு மூளை இருக்கு, அதுக்கு நீங்க இருக்கற எடம் தெரியும், ஆனா இந்தப் பக்கம் போய் தேடுன்னு மட்டும்தான் ஜந்துக்கு சொல்லும், மிச்சத்த அது கண்ணாலயும் காதாலயும் தானே கண்டுபுடிக்கணும். அதனாலதான் உங்க மகனுக்கு அது உசுரோட இருக்கற மாதிரி தெரியுது, தூக்கத்துலயும் வருது.

இப்ப என்ன செய்யலாம்னா, 'போர்ட்டல் 2' வாங்கிக் குடுங்க. 2011ல வந்தது, 12 வயசுக்கு மேல ஆடலாம், விஞ்ஞானக் கதைதான், சொவத்துல ஓட்டை போட்டு அடுத்த சொவத்து வழியா வர்ற புதிரு. ரெண்டு பேரு பக்கத்துல ஒக்காந்து ஒண்ணா ஆடறதும் இருக்கு. நீங்களே ஒரு கன்ட்ரோலர் எடுத்துகிட்டு ஒக்காருங்க அக்கா, உங்களுக்குத் தெரியலைன்னா அவன் சொல்லிக் குடுப்பான், அதுல அவனுக்கு இருக்கற பெருமை வேற எதுலயும் வராது. ஐசோலேஷன் எங்கயும் ஓடிப்போயிடாது, 18 ஆனதும் ஆடட்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோல கங்சார்): 1987 'ரோபோகாப்' படத்தையும் 2014 படத்தையும் பார்த்துவிட்டேன். புதியதில் படப்பிடிப்பு, நடிப்பு எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் மனதில் ஒட்டவில்லை. ஏன் என்று விளக்க முடியுமா? 2012 'டோட்டல் ரீகால்' படத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: வணக்கம் ஐயா. எனக்குத் தோணறத சொல்றேன். பழைய படத்துல டாக்டருங்க கஷ்டப்பட்டு அந்தப் போலீஸ்காரர் மர்ஃபியோட ஒரு கைய காப்பாத்திட்டோம்னு சந்தோஷமா சொல்லுவாங்க, கம்பெனி அதிகாரி அது வேணாம், எடுத்துடுங்கன்னு சொல்லுவான். ஒரு வரி வசனம்தான். மனுசன மெஷினாக்கறதுன்னா என்னன்னு அந்த ஒரு வரியில முடிஞ்சுது. புதுசுல ஒரு கைய மட்டும் மனுசக் கையாவே விட்டு வச்சிருக்காங்க, அவரோட மனைவியும் புள்ளையும் அவர வந்து பாக்கறாங்க, அவருக்கும் தான் யாருன்னு ஆரம்பத்துலயே தெரியும். பழைய மர்ஃபி தன் வீட்டுக்குப் போறப்ப வீடு காலி, விக்கறதுக்குப் போட்டிருக்கு, டிவி திரையில ஒருத்தன் வீட்டோட அருமைய வெலை பேசிகிட்டே இருக்கான், மர்ஃபி ஒவ்வொரு அறையா நடந்து, மகன் ஞாபகம் துண்டு துண்டா வந்து, கடைசியில அந்தத் திரையில ஒரு குத்து விடுவாரு. அவரு தன்னையே தேடிக் கண்டுபுடிக்க வேண்டியிருந்துச்சு, நாமளும் கூடவே தேடுனோம். புதுசுல தேடறதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் ஐயா ஒட்டல.

ஆனா புதுசுல ஒரு காட்சிய நான் மறக்க மாட்டேன், கவசத்த ஒண்ணொண்ணா கழட்டிக் காட்டறப்ப, மிச்சம் இருக்கறது தலையும் இதயமும் நுரையீரலும் ஒரு கையும் மட்டும்தான்னு அவரே கண்ணாடியில பாப்பாரு. அந்த தைரியம் படம் பூரா இருந்திருந்தா இன்னிக்கு நாம வேற மாதிரி பேசிகிட்டு இருப்போம்.

நீங்க கேம் ஆடுவீங்களான்னு தெரியல ஐயா, 2023ல போலந்து நாட்டு ஆளுங்க 'ரோபோகாப்: ரோக் சிட்டி'ன்னு ஒண்ணு செஞ்சாங்க, பழைய படத்துல நடிச்ச பீட்டர் வெல்லரே வந்து குரல் குடுத்திருக்காரு. அதுல அவரு நடக்கற மாதிரி கனமா தொம் தொம்னுதான் நடக்கணும், தெருவுல தப்பா நிறுத்துன காருக்கு சம்மன் எழுதணும், ஸ்டேஷன் கவுண்டர்ல நின்னு ஜனங்க சொல்ற புகார கேக்கணும். பெரிய பணம் போட்ட படம் விட்டத அந்தச் சின்ன வேலைங்க புடிச்சிருச்சு, மெஷின் உள்ள ஒரு போலீஸ்காரரு இருக்காரு. பேரப் புள்ளைங்க யாராவது ஆடுனா பக்கத்துல ஒக்காந்து பாருங்க.

'டோட்டல் ரீகால்' 2012 பத்தியும் கேட்டிருந்தீங்க. 1990 படத்துல செவ்வாய் கிரகத்துக்குப் போறாங்க, 2012 படத்துல போகவே இல்ல. எனக்கு அதுக்கு மேல அதுல பேச ஒண்ணுமில்ல.

கேள்வி (லிந்தாங் வாசகர்): தம்பி, நான் நாப்பது வருசம் ரப்பர் மரஞ்சீவுனவன். பேரன் சின்ன வயசுல ஆடி முடிச்ச கேமயே இப்ப புதுசா வந்திருக்குன்னு 200 வெள்ளிக்கு மேல குடுத்து வாங்கியிருக்கான். 'டெட் ஸ்பேஸ்'னு பேரு. முடிச்சத திரும்ப ஆட காசு எதுக்கு?

பதில்: ஐயா, எங்கம்மாவும் மரஞ்சீவுனவங்கதான், பால் வாளிய காண்டா கம்புல மாட்டித் தூக்குன தோள் காய்ப்ப நான் தொட்டுப் பாத்திருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சதயே வச்சு சொல்றேன். ஒரு பக்கத்துப் பட்டைய கீழ வரைக்கும் சீவி முடிச்சா அந்தப் பக்கத்த விட்டுட்டு அடுத்த பக்கம் போவீங்க, வருசக்கணக்குல அது தானா வளந்து மூடிக்கும், அப்புறம் திரும்ப அதுலயே கத்தி வைப்பீங்க. பாலும் வரும். ஆனா மொத தடவ சீவுனவன் அவசரத்துல ஆழமா வெட்டி மரத்த தொட்டுட்டான்னா, வளர்ற பட்டை முண்டும் முடிச்சுமா வரும், கத்தி வழுக்காது. எங்கம்மா கை வச்சுத் தடவிப் பாத்தே சொல்லுவாங்க, இது நல்ல கை சீவுன மரம், இது இல்லன்னு.

2008ல வந்த 'டெட் ஸ்பேஸ்' நல்ல கை சீவுன மரம். அதுல வர்ற ஆளு சிப்பாய் இல்ல, கப்பல் ரிப்பேர் பண்ண வந்த மெக்கானிக்கு, சுரங்கத்துல பாறை வெட்டற கருவிய வச்சே பேய் மாதிரி வர்றதோட கையையும் காலையும் வெட்டித் தப்பிக்கணும். அத செஞ்ச கம்பெனிய 2017ல மூடிட்டாங்க. 2023ல வேற ஆளுங்க, மரம் எங்க இளகும் எங்க இறுகும்னு தடவிப் பாத்து, அதே கப்பல திரும்பக் கட்டியிருக்காங்க. மொத கேம்ல வாயே தொறக்காத அந்த மெக்கானிக்கு இதுல பேசறாரு. பழசுல அங்கங்க துண்டு துண்டா இருந்த கப்பல் இப்ப ஒரே கப்பல், ஒரு முனையிலேர்ந்து மறு முனைக்கு நடந்தே போவலாம். அதுவும் இல்லாம, போன அறைக்கே திரும்பப் போனா வேற வெளக்கு அணைஞ்சிருக்கும், வேற சத்தம் கேக்கும், வேற ஒண்ணு வந்து நிக்கும், அத அப்பப்ப மாத்தறதுக்குன்னே ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. நீங்க நாப்பது வருசம் அதே நெரையில நடந்தீங்க, என்னிக்காவது ரெண்டு விடியக்காலை ஒரே மாதிரி இருந்துச்சா? பேரன் காச வீணாக்கல ஐயா.

கேள்வி (கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்): தமிழ்ல எந்த விஞ்ஞானப் படத்த ரீமேக் பண்ணலாம்? 'எந்திரன்' சொல்லிடாதீங்க அண்ணா!

பதில்: சொல்ல மாட்டேன் தங்கச்சி, அது 2010ல வந்தது, அதுக்குள்ள என்ன அவசரம். என் ஆச 'கலை அரசி'. 1963ல வந்த எம்.ஜி.ஆர். படம், மனுசன் நெலாவுல கால் வைக்கறதுக்கு ஆறு வருசம் முன்னாடி. வேத்துக்கிரகத்து ஆளு ஒருத்தன் பூமிக்கு வர்றான், நம்பியார்தான், எதுக்குன்னா அவங்க உலகத்துல சங்கீதம் இல்ல, சொல்லிக்குடுக்க ஆள் வேணும், அதுக்காக பாட்டுல தேர்ந்த பானுமதி அம்மாவ தூக்கிட்டுப் போறான். இத கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. பொன்னு வேணாம், நெலம் வேணாம், ஒரு உலகமே பாட்டு இல்லாம தவிச்சுப் போய் கடல் தாண்டற மாதிரி வானத்த தாண்டி வந்திருக்கு. மத்த நாட்டு வேத்துக்கிரகவாசிங்கள்ல பாதி ஊர அழிக்க வந்தவங்க, நம்ம ஊருக்கு வந்தவன் ராகம் கத்துக்க வந்திருக்கான்.

அப்ப இருந்த வசதிக்கு அந்த உலகத்த அட்டையிலயும் வெளக்குலயும்தான் காட்ட முடிஞ்சுது. மொத கேள்விக்கு சொன்னேன் பாருங்க, பழைய படத்துக்கு எட்டாம விட்டுப்போனதுன்னு, அது இதுல நெறைய இருக்கு. பாட்டே கேட்டிராத ஒரு உலகத்துல சத்தம் எப்படி இருக்கும்? மொத தடவ ஒருத்தன் சுருதி கேக்கறப்ப அவன் முகம் என்ன ஆவும்? இத படமா எடுக்கறத விட கேமா செஞ்சா இன்னும் நல்லா இருக்கும்னு தோணுது, துப்பாக்கியே வேணாம், நீங்கதான் அந்த அம்மா, ஒவ்வொரு சொரமா சொல்லிக்குடுத்துகிட்டே வீட்டுக்குத் திரும்பற வழிய தேடணும். யாராவது கேம் படிக்கற புள்ளைங்க இதப் படிச்சா, செய்யுங்க, என் கடையில ஓசியில ஆள் ஆளா ஆடிப் பாத்து சொல்றோம்.

கேள்வி (பாரிட் புந்தார் வாசகர்): வீட்டுல பழைய பிளேஸ்டேஷன் 2 இருக்கு, டிஸ்க் படிக்க மாட்டேங்குது. மெமரி கார்டுல நானும் அண்ணனும் தோட்டத்து வீட்டுல ஆடுனது எல்லாம் இருக்கு. இனிமே எல்லாம் ரீமேக்தான் வருதே, தூக்கிப் போட்டுடலாமா?

பதில்: போட்டுடாதீங்க! இத கடைசிக்கு வச்சதே அதுக்குத்தான். படத்துக்கும் கேமுக்கும் இருக்கற பெரிய வித்தியாசம் இங்கதான். மொத கேள்வியில சொன்ன 1951 படத்த இன்னிக்கும் போன்ல பாக்கலாம், ரீமேக் வந்ததால பழசு காணாம போவல. கேம் அப்படி இல்ல, பெட்டி செத்தா கேமும் சேந்து போயிடும். 2023ல அமெரிக்காவுல கேம் வரலாற்றப் பாதுகாக்கறவங்க ஒரு கணக்கெடுத்தாங்க, 2010க்கு முன்னாடி அங்க வந்த கேம்ல 87 விழுக்காடு இப்ப கடையில வாங்கவே முடியாது. நூத்துல 13தான் மிச்சம். எல்லாத்துக்கும் ரீமேக் வராது, பேரு வாங்குனதுக்குத்தான் வரும். நீங்க ஆடுனது எந்தப் பட்டியல்ல இருக்கோ யாருக்குத் தெரியும்.

டிஸ்க் படிக்கலைன்னா பாதி நேரம் லென்ஸ் மேல தூசிதான். பெட்டிய தொறக்கத் தெரிஞ்சவர்கிட்ட குடுத்து, பஞ்சுக் குச்சியில சுத்தமான ஆல்கஹால் தொட்டு லேசா தடவச் சொல்லுங்க, அழுத்தக் கூடாது. அதுக்கு முன்னாடி, இன்னிக்கே, மெமரி கார்ட பத்திரம் பண்ணுங்க. இன்னொரு 8 எம்.பி. கார்டு வாங்குங்க, டிஸ்க் போடாம பெட்டிய மட்டும் போடுங்க, டிஸ்க் படிக்காட்டியும் இது வேல செய்யும். பிரௌசர்னு வரும், அதுல பழைய கார்ட தொறந்து ஒவ்வொரு கேமா புதுசுக்கு காப்பி பண்ணுங்க. சிலது காப்பி ஆவாது, பரவால்ல, மத்தத எடுத்துக்குங்க. காப்பி ஆயிகிட்டு இருக்கறப்ப கார்ட மட்டும் உருவிடாதீங்க. பழைய கார்ட ஃபார்மேட் பண்ணவா, அதாவது எல்லாத்தயும் அழிக்கவான்னு கேட்டா எந்த நெலமையிலயும் ஆமான்னு அமுக்காதீங்க. பழைய கார்ட ஒரு பொட்டலத்துல மடிச்சு அண்ணன் பேர எழுதி அலமாரியில வைங்க. அப்புறமும் ஓடலைன்னா ஈப்போ பஸ்ல ஏறி சுங்கை சிப்புட்ல எறங்குங்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல போன் ரிப்பேர் கடை எதுன்னு கேட்டா காட்டுவாங்க. கார்டையும் எடுத்துட்டு வாங்க.